கையெழுத்துக்கு முன்னால் கணக்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் ஆபீஸுக்கு வரி சம்பந்தமில்லாத கேள்விகளோடு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். குவீன்ஸில், ஹில்சைடு அவென்யூவில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வரிக்கணக்கு எழுதுகிறவள் நான். டாக்சி ஓட்டுகிறவர்கள், ஓட்டல் சமையல்காரர்கள், மளிகைக்கடை கேஷியர்கள், வீட்டோடு இருந்து வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். பிள்ளை பன்னிரண்டாவது போகிறது என்றால் வருஷா வருஷம் ஒரே கேள்விதான்: "மேடம், எர்லி போடலாமா, ஸ்காலர்ஷிப்புக்குப் போடலாமா?"

வரி எழுதுகிறவளிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்கும் ஆச்சரியம்தான். அப்புறம்தான் புரிந்தது. குடும்பத்தின் வருமானத்தை முழுசாக அறிந்த வெளியாள் நான் ஒருத்திதான். கோவிலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லாத நம்பரை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்லி டிசிஷன் என்பது நவம்பர் 1 அல்லது 15ஆம் தேதிக்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிப்பது. டிசம்பர் நடுவில் முடிவு வரும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்க வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பல தனியார் கல்லூரிகள் தங்கள் வகுப்பில் பாதியை இந்த வழியிலேயே நிரப்பிவிடுகின்றன. அதனால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் இதில் கூடுதல். பணத்தைப் பற்றிக் கவலைப்படாத வீட்டுக்கு இது லட்டு மாதிரி.

இன்னொன்று, அவர்கள் ஸ்காலர்ஷிப் என்று சொல்கிற குவெஸ்ட்பிரிட்ஜ். கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட லாப நோக்கமற்ற அமைப்பு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை ஐம்பதுக்கும் மேற்பட்ட நல்ல கல்லூரிகளோடு இணைத்துவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம், அக்டோபரில் ஃபைனலிஸ்ட் பட்டியல், டிசம்பர் 1ஆம் தேதி 'மேட்ச்' முடிவு, அதாவது எந்தக் கல்லூரியோடு பொருத்தம் என்ற முடிவு. மேட்ச் ஆனால் நான்கு வருஷமும் டியூஷன், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். கடன் கிடையாது, பெற்றோர் பங்கு பூஜ்யம். பிள்ளை கோடை விடுமுறையில் வேலை செய்தோ, வளாகத்தில் பகுதிநேர வேலை பார்த்தோ கொஞ்சம் போட வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். நாலு பேர் குடும்பத்துக்கு 65,000 டாலருக்குக் கீழே வருமானம் என்பது பொதுவான அளவு. அந்த இடத்தில் கோடு கிழித்து நிறுத்திவிடுவதில்லை, முழு நிலைமையையும் பார்ப்பார்கள்.

இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது என்பதுதான் சிக்கலே. மேட்ச்சுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டால் வேறெங்கும் எர்லி டிசிஷன் போடக்கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுப்படுத்தாத, அதாவது கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டியதில்லாத, விண்ணப்பங்கள் போட்டுக்கொள்ளலாம். ஃபைனலிஸ்ட் ஆன பிறகு வரிசை கொடுக்காமல் விலகிக்கொண்டு எர்லி போடவும் வழி உண்டு. ஆக, அக்டோபர் மூன்றாவது வாரத்திலிருந்து நவம்பர் முதல் தேதிக்குள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் என் போன் சூடாகிவிடும்.

2024 இலையுதிர்கால சீசனில் ஒரு குடும்பத்தோடு இதில் முழுசாக இறங்கினேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்கள். அப்பா கும்பகோணத்துக்காரர், ஆப் வழியாகக் கார் ஓட்டுகிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அம்மா இந்திய மளிகைக்கடையில் கேஷ் கவுண்ட்டர். மூத்தது பெண், அடுத்தது பையன். பெண் படிப்பில் சுட்டி, பள்ளியில் முதல் சில பேருக்குள் இருப்பவள்.

அவளுக்கு மன்ஹாட்டனில் ஒரு பெயர்பெற்ற தனியார் கல்லூரி மேல் ஆசை. பள்ளி கவுன்சலரும் "எர்லி போடு, நிச்சயம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் அது பிடித்திருந்தது. வீட்டிலிருந்தே எஃப் ட்ரெயினில் போய்வரலாம் பாருங்கள். குவெஸ்ட்பிரிட்ஜ் பற்றி மகள் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மூணு லட்சம் டாலரைச் சும்மா யாரும்மா தருவா? ஏதாவது மோசடியா இருக்கும்." இந்தச் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நம்மவர்களைக் குறிவைத்து 'ஸ்காலர்ஷிப் ப்ராசஸிங் ஃபீஸ்' வாங்கித் தின்றவர்களை எனக்கே தெரியும். குவெஸ்ட்பிரிட்ஜ் விண்ணப்பத்துக்கு ஒரு பைசா கட்டணம் இல்லை, பணம் கொடுப்பது அவர்கள் அல்ல, கல்லூரி தன் நிதியிலிருந்து கொடுக்கிறது என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

நான் அந்தப் பெண்ணிடம் ஆசையைப் பற்றிப் பேசவே இல்லை. பதினேழு வயதில் ஒரு கல்லூரி மேல் ஆசைப்படாமல் வேறெப்போது ஆசைப்படுவது? எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்த மாசத்தில் யார் கையில் எந்தக் காகிதம் இருக்கும்? எர்லியில் நவம்பரில் கையெழுத்து, டிசம்பரில் பில். மேட்ச்சில் பணம் எவ்வளவு என்பது விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிவைத்த விஷயம். பெற்றோர் பங்கு பூஜ்யம் என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்து.

"அந்தக் கல்லூரி வெப்சைட்டிலேயே நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கே ஆன்ட்டி, அதுல போட்டுப் பார்த்தேன், வருஷத்துக்கு ஏழாயிரம்தான் வருது" என்றாள். உதவி போக நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று உத்தேசமாகச் சொல்வது அது. இந்த நாட்டில் கல்லூரிகள் அந்தக் கால்குலேட்டரை வைத்தே ஆக வேண்டும், 2011இலிருந்து அதுதான் சட்டம். மாசச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது ஓரளவு சரியாகவே சொல்லும். ஆனால் சொந்தத் தொழில் செய்கிறவர் கணக்கு அதில் உட்காராது. அதைக் காட்டத்தான் அப்பாவின் 2023 வரிக்கணக்கை மேசையில் விரித்தேன். 2025இல் கல்லூரியில் சேருகிற பிள்ளைக்கு 2023 கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

நம்பர்களை அவர்கள் அனுமதியோடு கொஞ்சம் உருட்டி எழுதுகிறேன். மொத்த வசூலைக் காட்டி ஆப் கம்பெனி அனுப்பிய 1099-கே படிவத்தில் 88,000 டாலர். பார்க்கிறவர்கள் பணக்காரர் என்றே நினைப்பார்கள். அதில் ஆப் பிடித்துக்கொண்ட கமிஷன், டோல், இதர கட்டணம் 24,500. வருஷத்தில் ஓட்டியது 40,000 மைல். 2023இல் வரித்துறையான ஐஆர்எஸ் அனுமதித்த கழிவு மைலுக்கு 65.5 சென்ட், ஆக 26,200. போன் பில், அது இதென்று 1,300. மிச்சம் 36,000. அம்மாவின் சம்பளப் படிவமான டபிள்யூ-2வில் 19,000. குடும்ப வருமானம் 55,000. கால்குலேட்டரில் பெண் போட்ட நம்பர் இந்த 55,000தான்.

இனிமேல்தான் விஷயமே. அந்த 65.5 சென்ட்டுக்குள் காரின் தேய்மானத்துக்கென்று 28 சென்ட் அடக்கம். கையைவிட்டுப் போகாத காசு என்று பல தனியார் கல்லூரிகள் இந்தத் தேய்மானத்தைத் திரும்ப வருமானத்தோடு கூட்டிவிடும். 40,000 மைலுக்கு 28 சென்ட் என்றால் 11,200. ஒரே நிமிஷத்தில் 55,000 என்பது 66,200 ஆகிவிட்டது. அந்தக் கார் ஐந்தாறு வருஷத்தில் நிஜமாகவே தேய்ந்து ஓய்ந்து போகும், புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். நிதியுதவி ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது காகிதக் கழிவு. எந்தக் கல்லூரி கூட்டும், எவ்வளவு கூட்டும் என்பதெல்லாம் அவரவர் கொள்கை. கால்குலேட்டர் அதைக் கேட்கவே கேட்காது.

இன்னொரு விவகாரமும் இருந்தது. நம்மவர் வீடுகளில் இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். தனியார் கல்லூரிகள் கேட்கிற சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவத்தில் குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறு நிலம், வீடு இருக்கிறதா என்று ஒரு கேள்வி. "இங்க வாடகை வீடுதான் அக்கா, ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "ஊர்ல?" என்றேன். கொஞ்சம் இழுத்தார். கும்பகோணத்தில் பூர்வீக வீடு, அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை, பெரிய அண்ணன் குடும்பம் அதில்தான் இருக்கிறது. "அதெல்லாமா எழுதணும்? அது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எழுதத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான், கையெழுத்துப் போட்டு உறுதி சொல்கிற படிவம் அது. ஆனால் மொத்த வீட்டின் விலையைப் போட வேண்டியதில்லை, அவருடைய மூன்றில் ஒரு பங்கைப் போட்டால் போதும். பிறகு அதே படிவத்தில் சிறப்புச் சூழ்நிலையை விளக்க இடம் இருக்கிறது. பாகம் பிரியாத வீடு, அண்ணன் குடும்பம் குடியிருக்கிறது, வாடகை வருவதில்லை, விற்க மூன்று பேரின் சம்மதமும் வேண்டும் என்று நாலே வரியில் எழுதினோம். ஊரில் அம்மாவுக்கு மாசா மாசம் மருந்துக்கு அனுப்புகிற பணத்தையும் அங்கேயே எழுதச் சொன்னேன். வரியில் அதற்குக் கழிவு கிடையாது. படிக்கிறவர் மனிதர்தானே, படிக்கட்டும்.

தேய்மானத்தையும் ஊர் வீட்டையும் எப்படிப் பார்ப்பீர்கள் என்று மன்ஹாட்டன் கல்லூரியின் நிதியுதவி ஆபீஸுக்கு அந்தப் பெண்ணையே மெயில் எழுத வைத்தேன். எர்லி போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே உத்தேசக் கணக்கு சொல்கிற கல்லூரிகள் உண்டு. இங்கிருந்து வந்த பதில் இரண்டு வரி. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக ஆராயப்படும், எங்கள் கால்குலேட்டரைப் பயன்படுத்திப் பாருங்கள். போதாக்குறைக்கு, அந்த வருஷம் அரசாங்கத்தின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்ஸா படிவம் எல்லோருக்கும் திறந்ததே நவம்பர் 21ஆம் தேதி. எர்லி கெடு நவம்பர் 1. அரசாங்கமே இன்னும் திறக்காத படிவத்தை நம்பிக் கையெழுத்துப் போடு என்று ஒரு டாக்சிக்காரரிடம் நான் எந்த முகத்தோடு சொல்வது?

எர்லி ஒப்பந்தத்தில் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது என்று கவுன்சலர் சொன்னது பொய்யில்லை. நிதியுதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம், யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். ஆனால் எப்போது விலகுவது? டிசம்பர் நடுவில் கடிதம் வருகிறது, மேல்முறையீடு செய்து பதில் வருவதற்குள் கிறிஸ்துமஸ், மற்ற கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் வாரத்தில் கெடு. அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் நடக்கிற பேச்சு எனக்கு மனப்பாடம். "இவ்ளோ நல்ல காலேஜ் கிடைச்சிருக்கு, எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்பார் அப்பா. அந்த எப்படியாவதுக்குப் பேரண்ட் ப்ளஸ் லோன் என்று பெயர், பெற்றோர் தங்கள் பெயரில் வாங்குகிற அரசாங்கக் கடன். 2026 ஜூலையிலிருந்து அதற்கும் வருஷத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு. என்னைக் கேட்டால் டாக்சி ஓட்டுகிறவருக்கு அந்த வரம்பே அதிகம்.

எர்லி முறை வசதியானவர்களுக்கு வசதி என்று நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அதே காரணத்தைச் சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தன, வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. மற்ற கல்லூரிகள் பின்னால் வரவில்லை. 2011இல் மூன்றும் பழையபடி திரும்பிவிட்டன, ஆனால் கட்டுப்படுத்தாத வகையில். அந்த அளவுக்காவது நல்லது.

இதற்காக எர்லியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணவன் மனைவி இருவருக்கும் மாசச் சம்பளம், வேறு சொத்தில்லை, முழுத் தேவையையும் கடனில்லாமல் தருகிற கல்லூரி, முன்கணக்கையும் எழுத்தில் கொடுத்துவிட்டது என்றால் தாராளமாகப் போடலாம். அப்படிப் போட்டு நன்றாக இருக்கிற பிள்ளைகள் என் ஃபைல்களிலேயே இருக்கிறார்கள். 65,000க்கு மேலே, லட்சத்துக்குக் கீழே நிற்கிற நடுவாந்திரக் குடும்பங்களுக்கு மேட்ச் கதவு பெரும்பாலும் திறக்காது. அவர்களுக்கு வேறு கணக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

மற்ற வழிகளைப் பற்றியும் பேசினோம், அதிக நேரம் ஆகவில்லை. 1989இல் நியூயார்க்கில் தொடங்கிய பாஸி நல்ல திட்டம், பத்துப் பிள்ளைகளைக் குழுவாக ஒரே கல்லூரிக்கு அனுப்புவார்கள். ஆனால் பள்ளியோ ஒரு சமூக அமைப்போ முன்கூட்டியே பரிந்துரைக்க வேண்டும், அந்தக் காலம் கடந்திருந்தது. மாநில அரசின் ஹெச்இஓபி திட்டம் அந்தக் கல்லூரியின் வழக்கமான தகுதியை எட்டாத பிள்ளைகளுக்கானது, இவள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்காது. நியூயார்க் நகரத்தின் அரசுப் பல்கலைக்கழகமான க்யூனியின் மெக்காலே ஹானர்ஸ் கல்லூரியில் நியூயார்க்வாசிகளுக்கு டியூஷன் இல்லை. அதைக் கைகாவலாகப் போட்டுவைத்தோம். அரசுக் கல்லூரி என்பதால் மேட்ச்சுக்கு இடைஞ்சல் இல்லை.

அக்டோபரில் ஃபைனலிஸ்ட் என்று மெயில் வந்தது. வரிசைப்படுத்துகிற வேலை இருக்கிறதே, அதுதான் நிஜமான சண்டை. பதினைந்து கல்லூரி வரை கொடுக்கலாம். அப்பாவுக்கு இதை விளக்க எனக்கு ரொம்ப மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அவருடைய அண்ணன் மகன் ஊரில் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் செய்தது அவருக்குத் தெரியும். ஏறக்குறைய அதே மாதிரி, எந்தெந்தக் கல்லூரி இவளை வேண்டும் என்கிறதோ அதில் இவள் பட்டியலில் மேலே இருப்பது கிடைக்கும். இவள் யாரை எத்தனாவதாகப் போட்டாள் என்பது கல்லூரிக்குத் தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு. கிடைத்தால் மறு சுற்று, மேல்நகர்வு எதுவும் கிடையாது. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன், யேல் போன்ற சில இடங்களைத் தவிர மற்ற எல்லாமே கட்டுப்படுத்தும். அதனால் போகவே மாட்டேன் என்கிற இடத்தைப் பட்டியலில் வைக்கக்கூடாது.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா கூகுள் மேப்பில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை மணி நேரம் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். க்ரின்னல் வந்தபோது, "ஐயோவாவா? அங்க என்ன இருக்கு?" என்றாள். "சோளக்காடு" என்றான் பையன். "அங்க கோவில் இருக்கா?" "அம்மா, நான் கோவிலுக்கா போறேன்?" கார்ல்டன் மினசோட்டா, குளிர் தாங்காது என்று அப்பா அடித்தார். பொண்ணு மறுபடி சேர்த்தாள். ரைஸ் ஹூஸ்டனில், அங்கே அம்மாவின் தோழி இருக்கிறாள் என்று எல்லோருக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷம். ஸ்வார்த்மோர் ஃபிலடெல்ஃபியா பக்கம், ரெண்டரை மணி நேரத்தில் ஓட்டிவிடுவேன் என்றார் அப்பா. வாசார் பஃகீப்ஸியில், கிராண்ட் சென்ட்ரலிலிருந்தே ரயில். கடைசியில் எட்டு நின்றது. பதினைந்தையும் நிரப்பு, வாய்ப்பு கூடும் என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்களாம். க்ரின்னல் மேல் அவளுக்கே மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்றேன், எடுத்துவிட்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியிருந்தேன். மேட்ச் ஆவது சுலபமில்லை. அந்த வருஷம் விண்ணப்பித்தவர்கள் 25,000க்கு மேல், ஃபைனலிஸ்ட் ஆனவர்கள் ஏழாயிரம் சொச்சம், மேட்ச் ஆனவர்கள் 2,600 சொச்சம். ஃபைனலிஸ்ட்டிலேயே மூன்றில் இரண்டு பேருக்குக் கிடைப்பதில்லை.

டிசம்பர் 1ஆம் தேதி அவளுக்கும் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். கோபமில்லை, வருத்தம்தான். "எர்லி போட்டிருந்தா இந்நேரம் சீட் இருந்திருக்கும்ல அக்கா." இருந்திருக்கலாம். சீட்டோடு என்ன பில் வந்திருக்கும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, அதுதானே பிரச்சினையே. மேட்ச் ஆகாத ஃபைனலிஸ்ட் நடுத்தெருவில் நிற்பதில்லை. அதே கல்லூரிகளுக்கு ஜனவரிக் கெடுவுக்குள் போடுகிற, கட்டுப்படுத்தாத ரெகுலர் முறையில், விண்ணப்பக் கட்டணம் இல்லாமல், அதே கட்டுரைகளை வைத்தே போடலாம். ஃபைனலிஸ்ட் என்ற அடையாளமும் கூடவே போகும். நிதியுதவிக் காகிதங்களையும் நவம்பரிலேயே முடித்திருந்தோம். ரெகுலரில் வருகிற பலருக்கு அந்தத் தலைவலி பிப்ரவரி வரைக்கும் இழுக்கும்.

ஜனவரியில் ஒரு சபலம் வந்தது. அந்த மன்ஹாட்டன் கல்லூரியிலேயே எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்று. கவுன்சலர் மறுபடி அதையே சொன்னார். இந்தத் தடவை என்னிடம் கேட்காமலே அந்தப் பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "அவங்க என் மெயிலுக்கே ஒழுங்கா பதில் சொல்லலை ஆன்ட்டி" என்றாள். ரெகுலரில் மட்டும் போட்டாள்.

மார்ச் கடைசியில் நான்கு கடிதங்கள் வந்தன. நாலையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கட்டுப்படுத்தும் முறையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி வாய்க்காது. மன்ஹாட்டன் கல்லூரியும் இடம் கொடுத்திருந்தது. கால்குலேட்டர் ஏழாயிரம் என்று சொன்ன இடத்தில், கடிதத்தில் குடும்பப் பங்கு பதினாறாயிரத்துச் சொச்சம். அது போக மாணவர் கடன் 5,500. தேய்மானத்தைக் கூட்டினார்களா, கும்பகோணத்து வீட்டையா, இரண்டையுமா என்று கடிதத்தில் இல்லை. வாசார் கடிதத்தில் பெற்றோர் பங்கு ஆயிரத்துக்கும் கீழே, மிச்சம் மானியம், வளாக வேலை. க்யூனி வீட்டிலிருந்து போய்வந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மத்திய அரசின் பெல் கிராண்ட் மானியமும் மாநில உதவியும் சேர்ந்து கொஞ்சம் கையிலேயே நிற்கும். அப்பா க்யூனியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வாசார் கடிதத்தை எடுத்து, "இதுல வருஷா வருஷம் ஏத்துவாங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. நிதியுதவி ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போடப்படும். வருமானம் இதே மாதிரி இருந்தால் பெரிதாக மாறாது, ஏறினால் பங்கும் ஏறும். கல்லூரிக்கே போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். பண்ணினாள், அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார்களாம்.

இப்போது பஃகீப்ஸியில், வாசாரில் அவளுக்கு முதல் வருஷம். குளிருக்கு முன்னாலேயே ரெண்டு தடவை ஊறுகாய் காலியாகிவிட்டது என்று அம்மாவுக்குப் பெருமை கலந்த புகார்.

பையன் இப்போது பத்தாவது. அவனுக்கு 2028இல் கல்லூரி என்றால் பார்க்கப்படப்போவது 2026 வரிக்கணக்கு. அதாவது, பத்தாவது பாதியில் தொடங்கிப் பதினொன்று பாதியில் முடிகிற அந்த ஒரு காலண்டர் வருஷம். பெரும்பாலான பெற்றோர் பன்னிரண்டாவது வந்த பிறகு என்னிடம் வருகிறார்கள், அதற்குள் அந்த வருஷம் முடிந்து மூடிக்கிடக்கும். சட்டப்படி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அந்த வருஷத்தில் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுக்காமல் இருக்கலாம். அடுத்த வருஷமே கணக்கை ஏப்ரலில் தாக்கல் செய்துவிடலாம். எக்ஸ்டென்ஷன் வாங்கி அக்டோபர் 15 வரை இழுக்கிற பழக்கம் தொழில் செய்கிறவர்கள் பல பேருக்கு உண்டு. குவெஸ்ட்பிரிட்ஜ் கெடு செப்டம்பர் கடைசி என்றால் அப்போது கையில் கணக்கே இருக்காது. பதினொன்றாவது படிக்கும்போதே மார்ச் வாக்கில் குவெஸ்ட்பிரிட்ஜின் காலேஜ் ப்ரெப் ஸ்காலர்ஸ் திட்டத்துக்கும் போடலாம். பையன் சோம்பேறி, அவனைத் துரத்த வேண்டும்.

போன வாரம் அப்பா வேறொரு சேதி சொன்னார். கும்பகோணத்து வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன்கள் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், தை பிறந்ததும் பத்திரம் முடிக்க யோசனை. தை என்றால் 2026 ஜனவரி. இவர் பங்குக்கு வருகிற லாபம் முழுக்க அந்த வருஷ வருமானத்தில் ஏறி உட்காரும். 2025 டிசம்பர் 31க்குள் முடியுங்கள், இல்லையென்றால் 2027 வரைக்கும் தள்ளிப்போடுங்கள் என்றேன். மார்கழியில் யாரும் பத்திரம் போட மாட்டார்களே அக்கா என்கிறார். அப்படியானால் கார்த்திகைக்குள் போடச் சொல்லுங்கள் என்றேன். பெரிய அண்ணனிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.